மரினா பே சாண்ட்ஸ்: கசினோவுக்குள் போகாமலே ஒரு மாலை முழுக்கச் சுற்றிப் பார்க்க (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஊரிலிருந்து சிங்கப்பூர் வரும் உறவினர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். தலையில் கப்பலைத் தூக்கி வைத்ததுபோல் நிற்கும் அந்த மூன்று கோபுரங்களைப் படத்தில் பார்த்தவர்கள் எல்லோருக்கும் அங்கே போக ஆசை. "அது சூதாட்ட இடமாச்சே, குடும்பத்தோடு போகலாமா?" என்ற தயக்கமும் கூடவே இருக்கிறது. தாராளமாகப் போகலாம். எப்படிப் போவது, எதை எப்போது பார்ப்பது, எதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தப் பக்கம்.

மரினா பே சாண்ட்ஸ் என்பது ஹோட்டலா, கசினோவா, மாலா?

எல்லாமும்தான். சிங்கப்பூரில் இதை "ஒருங்கிணைந்த உல்லாசத்தளம்" என்பார்கள். 2005 ஏப்ரலில், நாடாளுமன்றத்திலும் வெளியிலும் பெரிய விவாதம் நடந்த பிறகு, அரசு இரண்டு உல்லாசத்தளங்களுக்கு அனுமதி கொடுத்தது. ஒன்று செந்தோசா தீவில், இன்னொன்று இங்கே. இரண்டும் 2010இல் திறந்தன. வெறும் சூதாட்டக் கூடமாக இருந்துவிடக் கூடாது, மாநாட்டு அரங்கம், அருங்காட்சியகம், நாடக அரங்கு, கடைத்தொகுதி எல்லாம் சேர்ந்திருக்க வேண்டும் என்பது அரசின் நிபந்தனை. சூதாட்டம் நடக்கும் பரப்புக்கும் வரம்பு விதித்தார்கள். அதனால் கசினோ இருக்கும் பக்கமே எட்டிப் பார்க்காமல் ஒரு நாளை இங்கே கழித்துவிடலாம்.

கட்டடக் கலைஞர் மோஷே சாஃப்டி. 55 மாடி உயரமான மூன்று கோபுரங்கள், அவற்றின் மேல் 340 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் ஸ்கைபார்க் என்ற மேல்தளப் பூங்கா. மூன்றாம் கோபுரத்தைத் தாண்டி அறுபது மீட்டருக்கும் மேலாக அது எந்தத் தூணும் இல்லாமல் அந்தரத்தில் நீண்டு நிற்கிறது. கீழே நின்று அண்ணாந்து அந்த முனையைப் பாருங்கள். அதைக் கட்டியவர்கள்மேல் மரியாதை வரும்.

லிட்டில் இந்தியாவில் தங்கியிருக்கிறோம். எப்படிப் போவது?

மிகச் சுலபம். லிட்டில் இந்தியா நிலையத்தில் டவுன்டவுன் வழித்தட ரயில் ஏறினால் ரோச்சோர், பூகிஸ், புரோமனாட், அடுத்தது பேஃபிரண்ட். வண்டி மாற வேண்டியதில்லை. பேஃபிரண்ட் நிலையத்திலிருந்து கடைத்தொகுதிக்குள் நிலத்தடி வழியாகவே போய்விடலாம், வெயிலும் மழையும் படாது. பின்பக்கம் இருக்கும் பூந்தோட்டம் (கார்டன்ஸ் பை தி பே) போக "பி" வாசல். சாங்கி விமான நிலையத்திலிருந்து நேராக வருகிறவர்கள் எக்ஸ்போ நிலையத்தில் இதே வழித்தடத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

மாலில் நுழையவும் ஹோட்டலுக்குள் நடக்கவும் கட்டணம் உண்டா?

கிடையாது. இதைப் பலர் நம்புவதே இல்லை. ஹோட்டல் வரவேற்புக் கூடத்தில் யாரும் நடந்து போகலாம். அங்கேதான், காசு கொடுத்தாலும் வேறெங்கும் பார்க்க முடியாத சில கலைப் படைப்புகள் இருக்கின்றன. கட்டடம் எழும்போதே கலைஞர்களை அழைத்து அந்தந்த இடத்துக்கென்றே செய்ய வைத்தவை அவை.

முதல் கோபுரத்துக்குள் நின்று மேலே பாருங்கள். ஆன்டனி கோர்ம்லி என்ற பிரிட்டிஷ் சிற்பி, ஆயிரக்கணக்கான எஃகுக் கம்பிகளை இணைத்து மேகம் போல ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார். நாற்பது மீட்டர் நீளம். வரவேற்புக் கூடத்தில் வரிசையாக நிற்கும் ஆளுயரத்தைவிடப் பெரிய மண் நிறப் பானைகளைப் பூச்சட்டி என்று நினைத்து எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். அவையும் ஒரே படைப்புதான், செங் சோங்பின் செய்தது. மொத்தம் 83 பானைகள், ஒவ்வொன்றும் மூன்று மீட்டர் உயரம், ஒவ்வொன்றிலும் ஒரு மரம்.

எனக்கு மிகவும் பிடித்தது நெட் கான் செய்தவை. ஹோட்டல் முகப்பில் காற்றடித்தால் தண்ணீர்போல் அலையடிக்கும் சுவர் ஒன்று இருக்கிறதே, அதில் இருப்பவை இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு அலுமினியத் தகடுகள். காற்றின் உருவத்தைக் கண்ணால் பார்க்கிற அனுபவம் அது. கடைத்தொகுதிக்கு வெளியே தரையோடு பதித்த, சுமார் 22 மீட்டர் அகலமான அக்ரிலிக் கிண்ணமும் அவருடையதே. தண்ணீர் அதில் சுழித்துக்கொண்டே போய் நடுவிலிருக்கும் துளை வழியாக இரண்டு தளம் கீழே கால்வாயில் கொட்டும். வேளை பார்த்துத்தான் சுழலும். மேலே நின்று ஒரு தடவை, கீழே கால்வாய் ஓரம் நின்று ஒரு தடவை பாருங்கள். குழந்தைகள் அந்த இடத்தைவிட்டு நகரமாட்டார்கள்.

உச்சியில் இருக்கும் அந்த நீச்சல் குளத்தில் குளிக்க முடியுமா?

ஹோட்டலில் அறை எடுத்துத் தங்குபவர்களுக்கு மட்டும்தான். டிக்கெட் வாங்கி நுழைய வழியில்லை. 57ஆம் தளத்தில் கிட்டத்தட்ட 150 மீட்டர் நீளத்துக்கு இருக்கும் குளம் அது. விளிம்பில் தண்ணீர் நகரத்துக்குள் வழிவதுபோல் தெரியும். உண்மையில் அது சற்றுக் கீழே இருக்கும் தொட்டியில் விழுந்து மறுபடியும் குளத்துக்கே ஏற்றப்படுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பார்வையாளர் தளத்துக்குச் சீட்டு வாங்கிப் போனால் குளத்தையும் பார்க்கலாம் என்று நினைத்துப் பலர் ஏமாந்து போகிறார்கள். பார்வையாளர் தளம் தனி, குளம் தனி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக முடியாது.

அப்படியென்றால் பார்வையாளர் தளத்துக்குப் போவது வீணா?

வீணில்லை. ஒரு பக்கம் வளைகுடாவும் வானுயரக் கட்டடங்களும். திரும்பினால் பூந்தோட்டமும், அதற்கப்பால் சிங்கப்பூர் நீரிணையில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களும். எண்ணி முடியாத கப்பல்கள். இந்த ஊர் எதை வைத்துப் பிழைக்கிறது என்பதை அந்த ஒரு காட்சி சொல்லிவிடும். என்னோடு வருபவர்களை முதலில் அந்தப் பக்கம்தான் நிறுத்துவேன்.

சூரியன் மறைவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே மேலே இருந்தால் பகல் வெளிச்சம், அந்தி, விளக்கேற்றம் மூன்றையும் ஒரே சீட்டில் பார்த்துவிடலாம். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் எந்த மாதம் வந்தாலும் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் மறையும். மாலைச் சீட்டுக்கு விலை கூடுதல். இடி மின்னல் வந்தால் தளத்தை மூடிவிடுவார்கள். அதனால் அன்றைய வானத்தைப் பார்த்துவிட்டுச் சீட்டு வாங்குவது நல்லது.

இலவச ஒளிக்காட்சிகள் இரண்டு இருக்கிறதாமே, எதைப் பார்ப்பது?

இரண்டையுமே ஒரே மாலையில் பார்க்கலாம். நேரத்தைச் சரியாகப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலாவது, பின்பக்கம் இருக்கும் கரையோரப் பூந்தோட்டத்தில். "கார்டன்ஸ் பை தி பே" என்று சொன்னால்தான் எல்லோருக்கும் தெரியும். அங்கே நிற்கும் ராட்சத மரங்கள் இசைக்கேற்ப ஒளிரும். வழக்கமாக இரவு 7.45க்கும் 8.45க்கும். இரண்டாவது, கடைத்தொகுதியின் முன்பக்கம் தண்ணீரை ஒட்டிய திடலில் நடக்கும் "ஸ்பெக்ட்ரா". நீரூற்று, லேசர், நீர்த்திரை எல்லாம் சேர்ந்து 15 நிமிடம். வழக்கமாக 8 மணிக்கும் 9 மணிக்கும், வெள்ளி சனியில் 10 மணிக்கு இன்னொரு முறையும்.

ஆகவே 7.45க்குப் பூந்தோட்டம், 9க்கு ஸ்பெக்ட்ரா. இடையில் ஹோட்டல் வழியாகப் பாலம் கடந்து மெதுவாக நடந்து வர நேரம் தாராளம். எட்டு மணிக் காட்சியைப் பிடிக்க ஓடாதீர்கள். ஓடிப் பார்த்தேன், கூட்டத்தின் பின்னால் நின்று மற்றவர்களின் கைப்பேசித் திரையைத்தான் பார்க்க முடிந்தது. விழா நாட்களில் நேரம் மாறும் என்பதால் அன்று காலை அவர்களுடைய இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பூந்தோட்டக் காட்சிக்கு நின்றுகொண்டு பார்க்காதீர்கள். ஒரு துண்டையோ துப்பட்டாவையோ விரித்து மரங்களுக்கு அடியில் மல்லாந்து படுத்துவிடுங்கள். பாதிப் பேர் அப்படித்தான் படுத்திருப்பார்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஸ்பெக்ட்ராவுக்குப் படிக்கட்டில் நடு வரிசை நல்லது. காற்று திரும்பினால் முன்வரிசைக்குச் சாரல் அடிக்கும். அக்கரையில் மெர்லயன் (சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட சிலை) பக்கம் நின்றால் கோபுரத்திலிருந்து பாயும் லேசர் அழகாகத் தெரியும், ஆனால் நீர்த்திரையில் ஓடும் படங்கள் தெரியாது.

அந்த ராட்சத மரங்கள் வெறும் அலங்காரமா?

இல்லை. பூந்தோட்டம் 2012 ஜூனில் திறந்தது, 101 ஹெக்டேர். அதிலுள்ள 18 மரங்கள் 25 முதல் 50 மீட்டர் வரை உயரம். எஃகுச் சட்டத்தின் மேல் உயிருள்ள செடிகொடிகள் படர்ந்திருக்கின்றன. சிலவற்றின் உச்சியில் சூரிய மின்தகடுகள் இருக்கின்றன. சில, பக்கத்திலுள்ள கண்ணாடிக் குளிர்கூடங்களின் வெப்பக் காற்றை வெளியேற்றும் புகைபோக்கிகளாக வேலை செய்கின்றன. தெரிந்துகொண்டு பார்த்தால் மரங்களே வேறு மாதிரி தெரியும்.

தரையில் சுற்றக் கட்டணமில்லை. மரங்களுக்கு இடையே 22 மீட்டர் உயரத்தில் போகும் 128 மீட்டர் நடைபாலத்துக்கும், இரண்டு கண்ணாடிக் குளிர்கூடங்களுக்கும் சீட்டு வேண்டும். இரண்டு கூடங்களில் ஒன்றுதான் முடியும் என்றால் "கிளவுட் ஃபாரஸ்ட்" போங்கள். கதவு திறந்ததும் 35 மீட்டர் உயர மலையிலிருந்து அருவி முகத்தில் சாரல் தெளிக்கும். லிஃப்டில் உச்சிக்குப் போய் வளைந்து வளைந்து நடந்தே இறங்கலாம். வெளியே வியர்த்து ஊற்றும் ஊரில் உள்ளே குளிர்ந்த மலைக்காடு. குளிர் தாங்காத பெரியவர்களுக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு முட்டி வலி. அவ்வளவு தூரம் நடக்க முடியுமா?

வளைகுடாவை முழுதாகச் சுற்றினால் சுமார் மூன்றரை கிலோமீட்டர். அவர் அதைச் சுற்ற வேண்டியதில்லை. நிலையம், கடைத்தொகுதி, ஹோட்டல் எல்லாம் லிஃப்ட், நகரும் படிக்கட்டோடு இணைந்தவை. சக்கர நாற்காலிக்கும் தடையில்லை. மாலை ஆறரைக்குக் கடைத்தொகுதியின் முன்பக்கத் திடலில் அவரை உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் சுற்றிவிட்டு வரலாம். காற்று வாங்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை.

அவரிடம் ஒன்று சொல்லுங்கள்: எதிரே தெரிவது கடல் இல்லை, ஏரி. இந்தப் பகுதி முழுவதும் கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம். 2008இல் மரினா அணைக்கட்டைக் கட்டி கடலைப் பிரித்தார்கள். உப்பு மெல்ல மெல்லக் கழுவப்பட்டு இப்போது அது நன்னீர்த் தேக்கம். நகரத்தின் நடுவில், இத்தனை கட்டடங்களுக்கு மத்தியில், குடிநீருக்கான ஏரி. தண்ணீர்ப் பஞ்சம் பார்த்து வளர்ந்த நம் அப்பாக்களுக்கு அந்தக் கோபுரங்களைவிட இதுதான் வியப்பாக இருக்கும்.

நடக்கத் தெம்பு உள்ளவர்களுக்கு?

கடைத்தொகுதியிலிருந்து ஹீலிக்ஸ் பாலம் வழியாகப் போங்கள். 280 மீட்டர் நீளம், மரபணுவின் முறுக்கு வடிவம். இரவில் அதன் நடைபாதையில் சி, ஜி, ஏ, டி என்ற ஆங்கில எழுத்துகள் சிவப்பிலும் பச்சையிலும் ஒளிரும். அவை மரபணுவின் நான்கு காரங்களைக் குறிப்பவை. பள்ளியில் உயிரியல் படிக்கும் பிள்ளை கூட இருந்தால் அவனையே விளக்கச் சொல்லுங்கள். அங்கிருந்து, பலாப்பழமோ என்று தோன்றும் கூரை கொண்ட எஸ்பிளனேட் கலையரங்கம். உள்ளூர்க்காரர்கள் அதை டுரியான் (பலாவைப் போன்ற முள் பழம்) என்பார்கள். அதன் வெளியரங்கில் இலவசக் கச்சேரிகள் அடிக்கடி நடக்கும். அதையும் தாண்டி ஜூபிலி பாலம் ஏறி இறங்கினால் 8.6 மீட்டர் உயர மெர்லயன், வாயிலிருந்து நீர் பீய்ச்சிக்கொண்டு. மூன்று கோபுரமும் முழுதாகப் படத்தில் விழ வேண்டுமென்றால் நிற்க வேண்டிய இடம் இதுதான்.

மழை வந்தால் மாலையே கெட்டுவிடுமே?

மழைக்கென்றே ஒரு காட்சி இங்கே இருக்கிறது. கோபுரங்களுக்கு முன்னால் தாமரை போல விரிந்திருக்கும் ஆர்ட்சயன்ஸ் அருங்காட்சியகம் 2011 பிப்ரவரியில் திறந்தது. பத்து இதழ்கள். சிலர் விரித்த கை என்பார்கள். அதன் கூரை கிண்ணம் போலக் குழிந்தது. மழை முழுவதும் நடுவுக்கு ஓடி, அங்குள்ள துளை வழியாகக் கட்டடத்துக்குள்ளேயே அருவியாக விழுந்து கீழே குளத்தில் சேரும். அந்த நீரைக் கழிப்பறைகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். நம் பழைய வீடுகளின் முற்றத்தில் நான்கு பக்க ஓட்டு நீரும் வந்து விழுமே, அந்த நினைவு வந்தது எனக்கு. சின்னப் பிள்ளைகள் இருந்தால் சீட்டு வாங்கி உள்ளேயும் போகலாம். தொட்டால் மாறும் ஒளி ஓவியக் கூடம் அங்கே நிரந்தரமாக இருக்கிறது.

சாப்பாடு?

கடைத்தொகுதியின் அடித்தளத்தில் உணவுக்கூடம் உண்டு, பூந்தோட்டத்துக்குள்ளும் உண்டு. சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் நான்கு நிறுத்தம் ரயிலேறி லிட்டில் இந்தியாவுக்கே திரும்பிச் சாப்பிடுவது வயிற்றுக்கும் பைக்கும் நல்லது. தண்ணீர்ப் புட்டியைக் கையோடு கொண்டு போங்கள். குழாய் நீர் குடிக்கலாம்.

கசினோவுக்குள் சும்மா ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வரலாமா?

21 வயது நிரம்பிய வெளிநாட்டவர் கடவுச்சீட்டைக் காட்டி நுழையலாம், கட்டணமில்லை. அசல் கடவுச்சீட்டு வேண்டும், கைப்பேசியில் இருக்கும் படம் செல்லாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு குறுக்கே நடக்கக்கூட முடியாது. உள்ளே படம் எடுக்கக் கூடாது. கடற்கரைச் செருப்பும் கையில்லா பனியனுமாகப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பலாம்.

சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அல்லது ஓராண்டுக்கு 3,000 வெள்ளி கட்ட வேண்டும். 2019 வரை நாளுக்கு 100 வெள்ளியாக இருந்தது. உள்ளூர்க்காரர் யோசித்துவிட்டு நுழையட்டும் என்பதற்காகவே வைத்த கட்டணம். சூதாட்டத் தளத்துக்குள் ஏடிஎம் இயந்திரம் வைக்கவும் சட்டத்தில் இடமில்லை. வெளியே நடந்து போய் எடுத்துவர ஆகும் அந்தச் சில நிமிடங்களில் ஒருவருக்கு மனம் மாறலாம் அல்லவா?

ஆடினால் ஜெயிக்க வாய்ப்பு எவ்வளவு?

ரூலெட் எனும் சக்கர விளையாட்டை எடுத்துக்கொள்வோம். சுழலும் சக்கரத்தில் பந்து எந்தக் கட்டத்தில் விழும் என்று பணம் வைப்பது அது. ஒரே ஒரு பூஜ்யம் உள்ள சக்கரத்தில் 37 கட்டங்கள்: 18 சிவப்பு, 18 கறுப்பு, பூஜ்யம் பச்சை. சிவப்பில் வைத்தால் 18 வழியில் ஜெயிப்பீர்கள், 19 வழியில் தோற்பீர்கள். அந்த ஒற்றை வித்தியாசம்தான் கூடத்தின் வருமானம், நூற்றுக்கு 2.7. சிறியதாகத் தெரியும். சுற்றுக்கு 25 வெள்ளி வைத்து ஒரு மணி நேரத்தில் 40 சுற்று ஆடினால் 1,000 வெள்ளி மேசையைத் தாண்டிப் போயிருக்கும். சராசரியாக 27 வெள்ளி அங்கேயே தங்கிவிடும். ஒருநாள் லாபம் வரலாம். ஆடிக்கொண்டே இருந்தால் கணக்கு தன் வேலையைக் காட்டும். விட்டதைப் பிடிக்கிறேன் என்று தொகையை இரட்டிப்பாக்குவது இந்தக் கணக்கை மாற்றாது, தோல்வியைத்தான் பெரிதாக்கும். இரண்டு பூஜ்யம் உள்ள சக்கரமானால் கூடத்தின் பங்கு 5.26.

போகத்தான் வேண்டும் என்பவருக்கு: ஒரு தொகையை ரொக்கமாக எடுத்துக்கொண்டு, வங்கி அட்டைகளை அறையில் வைத்துவிட்டுப் போங்கள். அந்தத் தொகை தீர்ந்ததும் எழுந்துவிட வேண்டும்.

இங்கே வேலை பார்க்கும் என் தம்பி கசினோவுக்குப் போகத் தொடங்கிவிட்டான் என்று கேள்விப்படுகிறோம். என்ன செய்வது?

இந்தக் கேள்வி சுற்றுலாவோடு சேராததுதான். ஆனாலும் தனியாக, குரல் தாழ்த்திக் கேட்டிருக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

முதலில் வசைபாடாதீர்கள், கடனை ரகசியமாக அடைத்தும் கொடுக்காதீர்கள். சிங்கப்பூரில் சூதாட்டப் பிரச்சினைகளுக்கென்றே ஒரு தேசிய மன்றம் இருக்கிறது. ஒருவர் தன்னைத் தானே கசினோவிலிருந்து விலக்கிக்கொள்ள அங்கே பதிவு செய்யலாம். அதன் பிறகு வாசலிலேயே தடுத்துவிடுவார்கள். நெருங்கிய குடும்பத்தினர் விண்ணப்பித்து விலக்கு ஆணை பெறவும் வழியுண்டு. உதவித் தொலைபேசி எண் 1800-6-668-668. தம்பியையே பேசச் சொல்லுங்கள். தயங்கினால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே எண்ணை அழுத்திக் கொடுங்கள்.

"ஆ லோங்" என்று இங்கே சொல்லும் உரிமமில்லாக் கந்துவட்டிக்காரர்களிடம் அவன் கை நீட்டியிருந்தால் தாமதிக்காமல் காவல்துறையிடம் போங்கள். அந்தத் தொழில் இங்கே சட்டவிரோதம். அவனுடைய கடவுச்சீட்டையோ வங்கி அட்டையையோ அடமானமாக வாங்கி வைத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வங்கிக் கணக்கை வேறொருவர் கையில் கொடுத்தால் அதுவே அவன்மேல் தனி வழக்காகலாம்.

எந்த நாட்களைத் தவிர்க்கலாம்?

ஆண்டின் பிற்பகுதியில் இரவு நேரக் கார் பந்தயம் நடக்கும் வாரத்தில் வளைகுடாவைச் சுற்றிய சாலைகளை மூடிவிடுவார்கள். ரயில் ஓடும், ஆனால் நடைவழிகள் மாறும், அறை வாடகை எகிறும். ஆகஸ்ட் 9 தேசிய நாளும் டிசம்பர் 31 இரவும் வாணவேடிக்கைக்காகக் கூட்டம் அலைமோதும். அதை விரும்பிப் போகிறீர்கள் என்றால் மாலை நான்கு மணிக்கே இடம் பிடித்துவிடுங்கள். குழந்தைகளின் சட்டைப்பையில் உங்கள் உள்ளூர் எண்ணை எழுதி வையுங்கள், நிலையத்துக்குத் திரும்பும் வழியில் கைகோத்தே நடங்கள்.